ஏழாம் நம்பர் சிஸ்டம்

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்துகொண்டிருந்தோம். பித்தளை அண்டா, கொலுப்படிப் பலகைகள், அப்பாவின் டைப்ரைட்டர் எல்லாம் இறங்கிய பிறகு ஒரு செருப்புப் பெட்டி கைக்கு வந்தது. உள்ளே செய்தித்தாளில் சுற்றிய ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. பச்சைப் பலகை, நடுவில் சின்னதாக ஒரு விசிறி. விசிறியின் இறக்கைகளில் தூசி உறைந்து கிடந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். சூடேறி ஆறிய பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த வாசனை இத்தனை வருடத்துக்குப் பிறகும் போகவில்லை. ஜீஃபோர்ஸ் எம்எக்ஸ் 440, 64 எம்பி.

“கார்டுன்னா இப்படித் தனியா கழட்டி எடுக்கலாமா மாமா?” என்று கேட்டாள் அக்கா மகள்.

விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் பார்த்ததெல்லாம் லேப்டாப்தான். அதற்குள் கார்டு என்று ஒன்று இருப்பதே மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும். இன்ஜினீயரிங் முதல் வருடம் சேர்ந்திருக்கிறாள். சீனியர் ஒருத்தியின் பழைய மடிக்கணினியில் இதுவரை சமாளித்துவிட்டாள். இனி சொந்தமாக ஒன்று வேண்டும். படிப்புக்கும் ஆக வேண்டும், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடவும் வேண்டும். இரண்டு மாடல்களைப் போனில் குறித்து வைத்திருந்தாள். “இதுல எந்த கார்டு மாமா நல்லது?” என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்து, தில்லைநகர் வரை போய்விட்டேன்.

நாங்கள் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் திருச்சி தில்லைநகரில் கிராஸுக்கு ஒன்றாக பிரவுசிங் சென்டர் இருந்தது. மணிக்கு 20 ரூபாய். பிளைவுட் தடுப்பு, ஆளுக்கொரு சுழல் நாற்காலி, வாசலில் செருப்பு விட ஒரு பலகை. நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு மெயில் அனுப்ப வயதானவர்கள் வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்லக் கடைக்கார அண்ணனே ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்பிவைப்பார். “சாப்பாடெல்லாம் நேரத்துக்குச் சாப்பிடுறியான்னு கேளுப்பா” என்று ஒரு தாத்தா சொல்வதைக் கேட்டபடியே நாங்கள் பின்வரிசைக்குப் போவோம். பின்வரிசை டியூஷன் பையன்களுக்கு.

1999இல் வெளிவந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2தான் எங்கள் ஆட்டம். ஒரு டவுன் சென்டர், மூன்று வில்லேஜர், குதிரையில் ஒரு சாரணன். ஆட்டை வெட்டி, பெர்ரி பறித்து, மரம் வெட்டி, வயல் போட்டு, மெல்ல மெல்ல ஒரு ராஜ்ஜியத்தை எழுப்ப வேண்டும். சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பார். இதில் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நாம் வயல் போடும் அதே நொடியில் எதிராளி லாயம் கட்டிக்கொண்டிருப்பான். 1992இல் வெஸ்ட்வுட் ஸ்டுடியோஸ் கொண்டுவந்த டூன் 2 ஸ்ட்ராட்டஜி கேம்களில் இந்த வகைக்குப் பாதை போட்டது. வார்கிராஃப்ட், கமாண்ட் அண்ட் கான்கர், ஸ்டார்கிராஃப்ட் எல்லாம் அந்தப் பாதையில் வந்தவை. எங்களுக்கு அந்த வரலாறெல்லாம் அப்போது தெரியாது. “டேய், பெர்சியன் யானை வருதுடா, மங்க்க அனுப்பு, மாத்திரலாம்!” என்று தடுப்புக்கு மேலே எழுந்து நின்று கத்தியது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

நாங்கள் போன சென்டரில் எல்லா சிஸ்டமும் ஒரே மாதிரி இருக்காது. காசு சேரச் சேர ஒவ்வொன்றாக அசெம்பிள் செய்து வைத்தவர் அந்த அண்ணன். புதிதாக வந்தவை பென்டியம் 3. ஓரத்தில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருந்த ஏழாம் நம்பர் மட்டும் பழைய செலரான், 32 எம்பி ரேம். தனியாக ஆடினால் அதில் ஒரு குறையும் தெரியாது. நான்கு பேர் சேர்ந்து ஆடும்போதும் முதல் முக்கால் மணி நேரம் சுகமாகத்தான் போகும். ஆளுக்கு நூறு, நூற்றைம்பது படைவீரர்கள் சேர்ந்து கோட்டை வாசலில் சண்டை மூண்டதும், நான்கு திரையிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் இழுக்கத் தொடங்கும். குதிரைகள் நின்று நின்று ஓடும். “யார்ரா ஏழுல உக்காந்திருக்கிறது?” என்று மூன்று பேரும் சேர்ந்து கத்துவோம்.

ஒரு சிஸ்டம் மெதுவாக இருந்தால் மற்ற மூன்றும் ஏன் மெதுவாக வேண்டும்? அந்தக் கேள்வி அப்போதே எனக்குள் விழுந்துவிட்டது. விடை கிடைத்தது வேலைக்குப் போன பிறகு. இந்த விளையாட்டை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டுடியோஸின் பால் பெட்னர், மார்க் டெரானோ இருவரும் 2001இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். 28.8 மோடத்தில் ஆயிரத்தைந்நூறு வில்லாளர்களை எப்படி ஓட்டினோம் என்பதே அதன் பொருள். அத்தனை வீரர்களும் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்பதையெல்லாம் அந்த மோடம் வழியாக அனுப்ப முடியாது. அதனால் அவர்கள் ஒரு வழி கண்டார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் முழுப் போரையும் தனக்குள்ளேயே நடத்தும். கம்பி வழியாகப் போவது ஆட்டக்காரர் இட்ட கட்டளைகள் மட்டும். ‘இந்தப் பத்துப் பேரை அந்த ஆற்றங்கரைக்கு அனுப்பு’ என்றால் அந்த ஒரு வரிதான் போகும். எல்லா கம்ப்யூட்டரும் அதை ஒரே கணக்கில், ஒரே கட்டத்தில் நிறைவேற்ற வேண்டும். கல்யாணப் பந்தியில் கடைசி இலைக்காரர் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்காத மாதிரி, மெதுவான கம்ப்யூட்டர் தன் கணக்கை முடிக்கும்வரை மற்றவை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு மான் கொஞ்சம் தள்ளி நின்றாலும் போதும், சில நிமிடங்களில் ஒருவர் திரையில் நடக்கும் போர் இன்னொருவர் திரையிலிருந்து விலகிப்போய்விடும் என்கிற விஷயத்தையும் அந்தக் கட்டுரையில்தான் படித்தேன். படித்து முடித்த அன்றிரவு, அந்தப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவனுக்குப் போன் போட்டு ஏழாம் நம்பரைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

கடைக்கார அண்ணன் எந்தக் கட்டுரையும் படிக்கவில்லை. ஆனால் எங்கள் கூச்சலை ஒரு வாரம் கேட்டுவிட்டு, ஒருநாள் காலையில் தன் பில் போடும் கம்ப்யூட்டரைத் திறந்து அதிலிருந்த ரேம் ஒன்றைக் கழற்றி ஏழாம் நம்பரில் போட்டார். அன்று சாயங்காலம் நான்கு திரையிலும் குதிரைகள் தங்குதடையில்லாமல் ஓடின. கார்டு எதையும் அவர் தொடவில்லை. அந்த சிஸ்டங்களில் தனியாகக் கார்டே கிடையாது. எல்லாம் மதர்போர்டோடு வந்த இன்டெல் 810. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் மரமும் கோட்டையும் வீரனும் முன்கூட்டியே வரைந்து வைத்த தட்டைப் படங்கள். அவற்றை எடுத்து வைக்கப் பெரிய கார்டு வேண்டியதில்லை. ஆயிரம் பேருக்கு வழி கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் பெரிய வேலை. அந்த வேலை ப்ராசசருடையது, அதற்குக் கைகொடுப்பது ரேம்.

கார்டு மேல் ஆசை வந்தது இந்த விளையாட்டுகளெல்லாம் முப்பரிமாணத்துக்கு மாறிய பிறகு. 2002இல் வார்கிராஃப்ட் 3, ஏஜ் ஆஃப் மித்தாலஜி. மறுவருடம் கமாண்ட் அண்ட் கான்கர் ஜெனரல்ஸ். இனி ஒவ்வொரு வீரனும் படம் இல்லை, முக்கோணங்களால் கட்டிய உருவம். அவன் திரும்பினால் வெளிச்சம் மாற வேண்டும், நிழல் விழ வேண்டும். அந்தக் கணக்கைப் ப்ராசசரின் தலையிலிருந்து இறக்கித் தானே செய்யும் கார்டாக என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 256 1999இலேயே வந்திருந்தது. அதன் தம்பி தங்கைகள் நம் ஊர்க் கடைகளில் கைக்கெட்டும் விலைக்கு வரச் சில வருடம் ஆயிற்று.

வீட்டில் அப்பா பி.எஃப். லோன் போட்டு வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு ஒரு கார்டு வாங்க நானும் பெரியப்பா வீட்டு அண்ணனும் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனோம். விடியக்காலையில் எழும்பூரில் இறங்கி, ஸ்டேஷனுக்கு எதிரே இட்லி சாப்பிட்டு, நடந்தே ரிச்சி தெருவுக்குப் போய்விட்டோம். பத்தரைக்கு மேல்தான் ஷட்டர் தூக்குவார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. திறந்ததும் ஒரே கணத்தில் தெரு நிறைந்துவிட்டது. நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு என்று திரும்பிய பக்கமெல்லாம் கடை. குவியல் குவியலாக ஒயர், கூறு கட்டி வைத்த ரிமோட் கவர்கள், தள்ளுவண்டியில் ஸ்பீக்கர், பாதையை மறித்து மானிட்டர் அட்டைப்பெட்டிகள். எங்கேயோ சால்டரிங் வாசனை. குறுகலான படியேறி மாடியில் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். கவுன்ட்டருக்குப் பின்னால் லுங்கியும் சட்டையுமாக ஒருவர்.

“போர்டுல ஏஜிபி ஸ்லாட் இருக்கா தம்பி? 810 போர்டுன்னா ஸ்லாட்டே கிடையாது. கார்டு வாங்கிட்டுப் போயி வீட்டுல வச்சுப் பாத்துக்கிட்டுதான் இருக்கணும்.”

“845 போர்டுண்ணே.”

“என்ன கேம் ஆடுவ?”

சொன்னேன்.

“ரேம் எவ்ளோ வச்சிருக்க?”

“128.”

அவர் கண்ணாடிக்குள்ளிருந்து எம்எக்ஸ் 440ஐ எடுத்து வைத்தார். அப்போது எல்லோரும் எஃப்எக்ஸ் 5200 கேட்டுக்கொண்டிருந்த நேரம். அண்ணனும் அதைத்தான் கேட்டார். கடைக்காரர் தலையை ஆட்டினார். “சுடுற கேமுன்னா நானே அதை எடுத்துக் குடுத்திருப்பேன் சார். இது ஆளச் சேத்துக்கிட்டே போற கேமு. அந்த வித்தியாசக் காசுக்கு இன்னொரு 128 ரேம் போட்டுக்கங்க. சண்டை பெருசாகும்போது அதுதான் கைகொடுக்கும்.”

விலை கூடிய சரக்கைக் கேட்டு வந்தவர்களிடம் விலை குறைந்ததைக் கொடுத்து அனுப்பிய அந்த மனிதரை நான் மறக்கவே மாட்டேன். ஏஜ் ஆஃப் மித்தாலஜியில் மினோட்டார் ஒருவனைத் தூக்கி எறிந்ததை முதன்முதலாக என் வீட்டுத் திரையில் பார்த்தது அந்த கார்டில்தான். 2005இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3 வந்தபோது அதன் எல்லையும் தெரிந்தது. எம்எக்ஸ் 440இல் பிக்சல் ஷேடர் கிடையாது. நண்பன் வீட்டுக் கடல் மின்னியது, என் வீட்டுக் கடல் மங்கலாகக் கிடந்தது. அதனால் என்ன? பக்கவாட்டுத் தகட்டில் இரண்டு ஸ்க்ரூ. கழற்றி, பழையதை எடுத்து, வேறொன்றைச் செருகிவிடலாம். அப்படித்தான் இந்த கார்டு செருப்புப் பெட்டிக்குப் போனது. டெஸ்க்டாப் கொடுத்த பெரிய சுதந்திரம் அது.

லேப்டாப்பில் அந்தச் சுதந்திரம் கிடையாது. கார்டு என்று சொல்கிறோமே தவிர, அது மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட சில்லு. வாங்கும் அன்று எடுக்கும் முடிவோடுதான் கடைசிவரை இருந்தாக வேண்டும். அதை நான் முதலில் பார்த்தது காலேஜ் ஹாஸ்டலில். கடைசி வருடத்தில் ஓரிருவர் லேப்டாப் கொண்டுவந்தார்கள். ஒருவனுடையது தனிச் சில்லு வைத்த கனமான லேப்டாப். இன்னொருவனுடையது ஆஃபீஸ் வேலைக்கான, இன்டெல் ஜிஎம்ஏ 950 வைத்த லேப்டாப். கம்பெனி ஆஃப் ஹீரோஸ் போன்ற புதிய ஆட்டங்களில் இரண்டாவது தொடக்கத்திலேயே திணறியது. முதலாவதில் குண்டு விழுந்தால் மண் தெறிப்பதைப் பார்க்க மற்ற அறைகளிலிருந்தெல்லாம் வருவார்கள்.

ஆனால் ஏப்ரல் மாத வெயிலில், ஏசி இல்லாத அறையில், அந்த நல்ல லேப்டாப்பும் இருபது நிமிடம்தான் தாங்கும். தொட்டால் சுடும். விசிறி ஊளையிடும். பிறகு தன்னைக் காத்துக்கொள்ள அதுவாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்பக்கம் இரண்டு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து முட்டுக்கொடுத்து, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்து ஆடினோம். காற்று அடியில் போக வழி கிடைத்ததும் ஆட்டம் மறுபடி சரளமாக ஓடியது. அன்றிலிருந்து எந்த லேப்டாப்பைப் பார்த்தாலும் முதலில் புரட்டி அடிப்பக்கத்தைப் பார்ப்பது என் வழக்கம். காற்று போக எத்தனை துளை, பின்னால் வெளியேற எத்தனை வாய், அவற்றைத் திரையின் கீல் மறைக்காமல் இருக்கிறதா என்று.

அதே ஹாஸ்டலில்தான் சுப்ரீம் கமாண்டர் ஆடினோம். 2007இல் வந்த அந்த ஆட்டத்தில் படை ஆயிரத்தைத் தொடும். போர்க்களம் முழுவதையும் மேலிருந்து ஒரே பார்வையில் பார்க்கலாம். நல்ல கார்டு வைத்திருந்தவனின் திரையிலும் கடைசிக் கட்டத்தில் நேரமே மெதுவாகப் போகும். படம் தெளிவாகத்தான் இருக்கும்; ராணுவம் தேனில் நடப்பதாகத் தோன்றும். கார்டு தன் பங்கை முடித்துவிட்டுப் ப்ராசசருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஏழாம் நம்பரில் பார்த்ததேதான்.

வேலைக்கு வந்து வேளச்சேரியில் ஐந்து பேர் சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருந்தபோது ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடினோம். சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு இருந்த காலம் அது. எல்லோரிடமும் லேப்டாப், மோடத்தையும் ஸ்விட்சையும் மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டியிருந்தோம். ஆட்டத்தின் நடுவே கரன்ட் போகும். ஃபேன் நிற்கும். திரைகள் அணையாது, ஆனால் எல்லோரின் படையும் ஒரேயடியாகத் தளர்ந்துபோகும். சார்ஜரிலிருந்து வரும் அளவுக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து கிடைப்பதில்லை. கார்டும் ப்ராசசரும் தங்கள் வேகத்தைச் சுருக்கிக்கொள்ளும். “இன்னைக்கு ட்ரா, எல்லாரும் மொட்டமாடிக்கு வாங்கடா” என்று யாராவது ஒருவன் எழுந்திருப்பான். அந்த மொட்டைமாடிப் பேச்சில் கல்யாணம், வெளிநாடு, ஊரில் வீட்டுக் கடன் எல்லாம் வரும். இன்று அந்த ஐவரும் வெவ்வேறு ஊர்களில் இருக்கிறோம். இணையம் வழியாக எப்போதாவது சேர்ந்து ஆடுகிறோம், மொட்டைமாடி இல்லை.

அக்கா மகள் இந்த விளையாட்டுக்குள் வந்த வழியே வேறு. 2022இல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இன் புதிய பதிப்புக்கு டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற விரிவாக்கம் வந்தது. அதில் திராவிடர்கள் ஒரு நாகரிகம். உருமி சுழற்றும் வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல், ராஜேந்திர சோழனின் பெயரில் ஒரு தொடர் போர். வில்லேஜரைத் தட்டினால் தமிழில் பதில் சொல்கிறான். தில்லைநகர் பின்வரிசையில் நாங்கள் பிரிட்டனாகவும் ஜப்பானாகவும் பெர்சியாவாகவும் இருந்தோம். தஞ்சாவூர் ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்தது. எங்கள் ஆட்டத்தில் சோழன் இல்லை. அவள் ஹாஸ்டலில் பெண்கள் சேர்ந்து கடாரத்துக்குக் கப்பல் விடுகிறார்கள் என்று கேட்டபோது எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது. அவளுக்கு நல்ல லேப்டாப் வாங்கிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அவள் குறித்து வைத்திருந்த இரண்டிலும் என்விடியா கார்டு. ஒன்றில் ஆர்டிஎக்ஸ் 4060, மெல்லிய உடம்பு. இன்னொன்றில் ஆர்டிஎக்ஸ் 4050, கொஞ்சம் தடிமன். எண் பெரியதாக இருப்பதே நல்லது என்று அவள் நினைத்ததில் தவறில்லை. எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். முன்பெல்லாம் லேப்டாப் கார்டின் பெயருக்குப் பின்னால் எம் என்ற எழுத்து இருக்கும். 2016இல் ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் அது நீங்கிவிட்டது. டெஸ்க்டாப் 4070இல் 12 ஜிபி நினைவகம், லேப்டாப் 4070இல் 8 ஜிபி, உள்ளே இருக்கும் சில்லும் வேறு. பெயர் மட்டும் ஒன்று. அதைவிட முக்கியம், அதே லேப்டாப் 4060க்கு 35 வாட்டும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். எவ்வளவு என்று முடிவு செய்வது லேப்டாப் செய்கிற கம்பெனி. மெல்லிய உடம்பில் சூட்டை வெளியேற்ற இடமில்லாததால் வாட்டைக் குறைத்துவிடுவார்கள். குறைந்த வாட்டில் ஓடும் 4060ஐ முழு வாட்டில் ஓடும் 4050 நெருங்கிவிடும்.

ஷோரூமில் விற்பனைப் பையன் கார்டின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். “இதுல கார்டுக்கு எத்தனை வாட்ண்ணா?” என்று அவள் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு மரியாதை வந்ததைப் பார்த்தேன். அவனுக்கும் தெரியவில்லை, ஆனால் உட்கார்ந்து அந்தக் கம்பெனியின் தளத்திலேயே எங்களோடு சேர்ந்து தேடினான். விவரப் பட்டியலின் அடியில், பொடி எழுத்தில் மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர் என்று போட்டிருந்தது. மெல்லியதற்கு மிகக் குறைவு.

ரேம் பற்றியும் கேட்டோம். மெல்லியதில் 8 ஜிபி ஒற்றை. தடித்ததில் 8 ஜிபி இரண்டு, தேவைப்பட்டால் பின்னால் மாற்றிக்கொள்ள ஸ்லாட்டும் இருந்தது. ஒற்றை ரேமைவிட ஜோடி ரேம் நல்லது, ப்ராசசருக்கு இரண்டு வழியாகத் தகவல் வரும். தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. இன்டெல் ஐரிஸ் எக்ஸ்ஈ வைத்த லேப்டாப்பில் ஒற்றை ரேம் போட்டால் அது தன்னை ஐரிஸ் என்றே சொல்லிக்கொள்வதில்லை, வெறும் யூஎச்டி கிராஃபிக்ஸ் என்று காட்டும்.

“அப்ப கார்டே வேணாமா மாமா?” என்று அவள் இடையில் கேட்டாள். நல்ல கேள்வி. அவள் ஆடும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2க்குப் பெரிய கார்டு வேண்டாம். தரவரிசை ஆட்டங்களுக்கு முன் அந்தப் பதிப்பு கம்ப்யூட்டருக்கே ஒரு பரீட்சை வைக்கிறது, 1000 மதிப்பெண் எடுத்தால்தான் அனுமதி. ஒரு மெதுவான கம்ப்யூட்டர் எட்டுப் பேரின் ஆட்டத்தையும் இழுத்துவிடக் கூடாது என்பதற்காக. 2021இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 4கூட, குறைந்தபட்சத் தேவையாக இன்டெல் எச்டி 520ஐத்தான் சொல்கிறது. நன்றாக ஓட வேண்டுமானால் ஜிடிஎக்ஸ் 970, 16 ஜிபி ரேம். நிழலும் புல்லும் புகையுமாக நிறையும் கம்பெனி ஆஃப் ஹீரோஸ் 3, டோட்டல் வார் வரிசை போன்றவைதான் கார்டை உண்மையிலேயே வேலை வாங்கும். அவற்றையும் அவள் ஒருநாள் ஆடுவாள். இரண்டாம் வருடத்தில் டிசைன் மென்பொருள்களும் வரும். ஆகவே தனி கார்டு வேண்டும். ஆனால் பட்ஜெட் முழுவதையும் அதன் எண்ணில் கொட்டக் கூடாது.

தடித்ததையே எடுத்தோம். கைக்குக் கனமாக இருக்கிறது என்று அக்கா சொன்னாள். உண்மைதான், சார்ஜரும் சேர்ந்தால் பை கனக்கும். அதற்கு அக்கா மகள் பழகிக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் சிநேகிதிகள் ஏழு பேரோடு சேர்ந்து ஆடினாள். எட்டுப் பேர், ஆளுக்கு 200 படை. பின்னிரவு வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அவள் படை ஆற்றைக் கடக்கும்போது ஆட்டம் கொஞ்சம் இழுத்தது. “யாருடி லேப்டாப்பு அது?” என்று ஹெட்ஃபோனில் கேட்டாள். யாரோ ஒருத்தி, மெத்தை மேல் வைத்து ஆடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். “தூக்கி மேஜை மேல வை, பின்னால ஏதாச்சும் முட்டுக் குடு” என்றாள் இவள். டம்ளர் கதையை அவளிடம் எப்போது சொன்னேன் என்று நினைவில்லை.

பிள்ளைகளுக்கு இப்படியொரு லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு இவ்வளவுதான் உண்டு. பல மாடல்களில் ரேமைப் பின்னால் கூட்டலாம், எஸ்எஸ்டியையும் மாற்றலாம். ப்ராசசரையும் கார்டையும் மாற்ற முடியாது. ஸ்ட்ராட்டஜி கேம் என்றால் முதலில் ப்ராசசரைப் பாருங்கள், அடுத்து ஜோடி ரேமைப் பாருங்கள், லேப்டாப்பைப் புரட்டிக் காற்று போகும் வழியைப் பாருங்கள். கார்டுக்கு வரும்போது அதன் பெயரோடு நிற்காமல் வாட் எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் கம்பெனியின் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.